லைட்டுக்கு வைத்த பொட்டு

பாலுசாமியின் கட்டைவிரல் இரண்டிலும் உணர்வு செத்துப்போய் வெகு காலம் ஆகிறது. தேங்காய் உரிக்கிறவர்களுக்கு அப்படித்தான். நட்டு வைத்த பாரைக்கம்பியில் காயைக் குத்தி, திருகி, மட்டையைப் பிளந்து எறிகிற வேலையில் விரல் முதலில் கொப்பளிக்கும், அப்புறம் காய்த்துப்போகும், கடைசியில் கட்டைதான் மிஞ்சும். கொதிக்கிற காப்பி டம்ளரை அந்த விரலால் பிடித்துக்கொண்டு நின்று ஊர்ப்பாடு பேசுவார். "இவரு கையிலயே சோறாக்கலாம், வெறகு மிச்சம்" என்பாள் அவர் சம்சாரம் சின்னாத்தாள்.

அந்த விரலை வைத்துக்கொண்டுதான் மகளுடைய ட்ரோனை ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்று யாராவது சொன்னால் பிரவீனா சிரிப்பாள். "எங்கப்பா ட்ரோன் ஓட்டறதில்லீங்க. அதுகூட மல்லுக்கட்டறாரு."

பிரவீனா பாலிடெக்னிக் படித்தவள். கோயமுத்தூரில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததில், கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிற ஒருவரிடம் பழசாக அந்த ட்ரோனை வாங்கி வந்தாள். காலை மடக்கிக்கொண்டு படுத்த நண்டு மாதிரி இருந்தது. நாலு காலையும் விரித்துத் தரையில் வைத்து ரிமோட்டைத் தட்டினால் குளவிக்கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு எழும்பும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பனும் மகளும் டிவிஎஸ்ஸில் ஏறி, தண்ணியில்லாத ஏரிக்காட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் ஓட்டுவாள். இவர் வேலமரத்து நிழலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார். ரிமோட்டிலேயே சின்னதாகத் திரை இருக்கும். அதில் தெரிகிற தோப்பையும் வாய்க்காலையும் பார்த்து, "அட, நம்ம ஊரா கண்ணு இது? இத்தனை அழகாவா இருக்குது?" என்று ஒவ்வொரு வாரமும் புதுசாகக் கேட்பார்.

தை மாசம் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை அருண்குமார், கருமத்தம்பட்டிக்காரர். சொந்தத் தறி, சொந்த வீடு, குடி கிடையாது. இதுக்கு மேல் ஒரு கூலிக்காரன் மகளுக்கு என்ன வேண்டும் என்று பாலுசாமி சந்தோசப்பட்டுத்தான் கட்டிக்கொடுத்தார். சாமான் ஏற்றும்போது மாப்பிள்ளையின் அம்மா ட்ரோன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கண்ணாலமான புள்ள வானத்துல பொம்மை உட்டுட்டுத் திரியறதாங்க சம்மந்தி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பாலுசாமியும் சிரித்துக்கொண்டே பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி, வீட்டுக்குள் பரணாக இருந்த அட்டாலியில் வைத்துவிட்டார். பம்பு கம்பெனி வேலையும் அதோடு நின்றது.

ஆடி பிறந்ததும் முறைப்படி போய் மகளை அழைத்து வந்தார்கள். வந்தவள் மெலிந்திருந்தாள். தூங்கிக்கொண்டே இருந்தாள். ஆடி முடிகிற வாரத்தில்தான் அட்டாலியைப் பார்த்து, "அப்பா, எடுங்க அதை" என்றாள்.

அன்றைக்கு ஏரிக்காட்டில் அவள் ஒரு வேடிக்கை காட்டினாள். அப்பனை நிற்க வைத்து, ட்ரோனை அவர் நெஞ்சுக்கு நேராக விரட்டினாள். "ஏய், ஏய், அம்மணி!" என்று பாலுசாமி கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார். அது வந்த வேகத்தில் வந்து, ஒரு முழத்துக்கு முன்னால் சட்டென்று நின்று, அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா? அதுக்குக் கண்ணு இருக்குதுங்கப்பா. குறுக்க என்ன வந்தாலும் நின்னுக்கும்."

அப்புறம் ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, வீட்டுப் படம் போட்ட ஒரு பட்டனைக் காட்டினாள். "பயமா இருந்துச்சுன்னா இதை அமுக்குங்க. எங்க இருந்தாலும் எந்திரிச்ச எடத்துக்கே திரும்பி வந்துரும்."

பாலுசாமி அமுக்கிப் பார்த்தார். தூரத்தில் புள்ளியாக நின்றது திரும்பி வந்து, அவர் காலடியில் பூனைக்குட்டி மாதிரி இறங்கியது. பிரவீனா கைதட்டிச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கேட்டாள். "அப்பா, நான் அங்க போகலீங்க. இங்கயே இருந்துக்கட்டுங்களா?"

"ஏங் கண்ணு? அடிக்கறாங்களா?"

"அடிக்கலீங்க."

"சோறு கீறு?"

"அதெல்லாம் நல்லாத்தான் போடறாங்க."

"அப்புறம் என்ன சாமி?"

அவள் தரையைக் கீறிக்கொண்டே, "நாளெல்லாம் தறிக்குடோன்லயே நிக்கறனுங்கப்பா. நான் பேசறது எனக்கே கேக்கறதில்லீங்க" என்றாள்.

இருக்கட்டுமுங்க என்றுதான் சின்னாத்தாள் சாடை காட்டினாள். பாலுசாமி அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். அடி இல்லை, பசி இல்லை. தறிச் சத்தம் ஒரு குத்தமா? அவர் உரிக்கிற களத்தில் சத்தம் இல்லையா? ஆடி கழிந்தும் பெண் பிறந்த வீட்டில் இருந்தால் சொந்தம் ஒரம்பரை என்ன கேட்கும், ஊர் என்ன கேட்கும் என்றுதான் அவர் யோசித்தார். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். போகப் போகப் பழகிரும் கண்ணு என்றார். மறுநாள் சீர்ப் பலகாரத்தோடு அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமை அதற்கப்புறம் அவரோடேயே இருந்தது. காய் உரிக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி நின்றது.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் தறி ஓடுகிற சத்தம்.

"அப்பா, பக்கத்துல அம்மா இருக்கறாங்களா?"

"இல்லக் கண்ணு, பால் வாங்கப் போயிருக்கறா. ஏன், சத்தத்துல நின்னு பேசறே? வெளிய வாயேன்."

"இங்கதானுங்கப்பா பேச முடியும். யாருக்கும் கேக்காது." அவள் வாயைப் போனோடு ஒட்டிவைத்துப் பேசினாள். "துடியலூர்ல ஒரு ஸ்டுடியோ. பிரத்யுஷான்னு ஒரு மேடம் நடத்தறாங்க. விசேசம், மில்லு, தோட்டம்னு மேல இருந்து படம் புடிக்க ஆள் தேடறாங்க. சொந்தமா ட்ரோன் வெச்சிருக்கறவங்கதான் வேணுமாம். நான் முன்னாடி எடுத்த வீடியோ எல்லாம் பாத்துட்டாங்க. திங்கக்கெழமை ட்ரோனோட வந்து ஓட்டிக் காட்டுன்னு சொல்லிட்டாங்க. தங்கறதுக்கும் அங்கயே ரூமு."

"மாப்பள என்ன சொல்றாரு?"

"அவருக்குத் தெரியாதுங்க. பூசை முடிஞ்ச ஞாயித்துக்கெழமை அம்மாவப் பாத்துட்டுச் சாங்காலம் வந்தர்றேன்னு கேட்டேன். செரின்னுட்டாங்க. நான் சாங்காலம் இங்க வரமாட்டனுங்கப்பா. ட்ரோனை எடுத்துக்கிட்டு நேரா துடியலூரு போயிருவேன்."

பாலுசாமி வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். போன்னும் சொல்ல வேண்டாம், இருன்னும் சொல்ல வேண்டாம். பேட்டரிய மட்டும் சார்ஜ் போட்டு வெச்சிருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"செரி கண்ணு" என்றார். சொன்ன பிறகு நெஞ்சில் இருந்த மூட்டையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஆடியில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொன்னோமே என்று, காலியான போனைக் காதில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

ஆயுத பூஜையன்று களத்தில் தடபுடல். தோப்புக்காரர் கோபாலசாமி பொரி, கடலை, சுண்டல் எல்லாம் வரவழைத்திருந்தார். பாரைக்கம்பிகளைக் கழுவி விபூதிப் பட்டை போட்டு வரிசையாகச் சாத்தி வைத்தார்கள். கொப்பரை ஏற்றுகிற லாரிக்கு வாழைக்கன்று கட்டி, முகப்பு லைட்டு இரண்டுக்கும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். லாரி டிரைவர் அஃப்தாப் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"போதுமுங்ணா, போதும். ராத்திரி மலை எறங்கறப்ப ரோடு தெரியோணும். இத்தனையும் நாந்தான் சொரண்டோணும்."

"சாமிக்கு வெச்சதைச் சொரண்டுவியா நீயி?" என்று பாலுசாமி அதட்டினார்.

"சாமி லைட்டு இல்லாம ஓட்டுமுங்ணா. நான் ஓட்ட முடியுமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாலுசாமியும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போகும்போது அவர் மனசில் ஒரே நினைப்புதான். இந்த வருசம் பூசை வேண்டியது பாரைக்கம்பிக்கு இல்லை.

அட்டாலியிலிருந்து பெட்டியை இறக்கினார். ட்ரோனைத் துண்டால் துடைத்து, பலகை மேல் கால் விரித்து வைத்தார். முன்பக்கம் மூஞ்சியில் சின்னச் சின்னதாக வட்டக் கண்ணாடி இரண்டு மினுங்கின. வண்டி என்றால் அங்கேதான் பொட்டு வைக்க வேண்டும். சுண்டுவிரலால் சந்தனத்தைத் தொட்டு, இரண்டுக்கும் பதமாக வைத்தார்.

விளக்குப் பொருத்த வந்த சின்னாத்தாள் எட்டிப் பார்த்தாள். "கண்ணு கிண்ணுல எல்லாம் பூசிப்போடாதீங்க. அந்தப் புள்ள வந்தா வையும்."

"அதெனக்குத் தெரியாதா? கண்ணு அடியில தொங்குது பாரு, படம் புடிக்கறது. அதை நான் தொடவே இல்லியே. இது முன்னாடி லைட்டு."

குங்குமமும் வைத்து, ஒரு முழம் மல்லிகையை மேலே சுற்றிவிட்டு, பாலுசாமி கண்ணை மூடி நின்றார். அவர் சாமியிடம் எதையும் விவரமாகக் கேட்கிறவர் இல்லை. அன்றைக்கு விவரமாகக் கேட்டார். துடியலூர், பிரத்யுஷா மேடம், திங்கக்கிழமை என்று ஊர், பேர், கிழமையோடு சொல்லிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பேட்டரி சார்ஜ் ஏறிப் பச்சை விளக்கு எரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவள் சொன்னதும் அவ்வளவுதான்.

ஆனால் கிணற்றடியில் பல் விளக்கும்போது அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. கோபாலசாமி தோப்பில் மழைக்காலம் பூராவும் ஓடாமல் கிடந்த மோட்டார், கோடையில் சுவிட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டு அப்படியே நின்றுபோனதை அவர் கண்ணால் பார்த்தவர். சும்மா கிடந்த மோட்டார் இறுகிக்கொள்ளும், வாரம் ஒருதரம் சும்மாவாவது ஓட்டி விட வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். இந்த நண்டுக்குள்ளும் நாலு மோட்டார் இருக்கிறது. ஆடியில் பறந்ததோடு சரி. நாளைக்கு அந்த மேடத்துக்கு முன்னால் வைத்துத் தட்டும்போது எழும்பாமல் போனால்? மகள் அத்தனை பேர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாளே?

ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடலாம் என்று களத்துக்கு எடுத்துப் போனார். மல்லிகைச் சரத்தைக் கழற்றினார். பொட்டை அழிக்க மனசு வரவில்லை. அது காய்ந்து, ஓடு மாதிரி ஒட்டியிருந்தது.

தட்டியதும் எழும்பியது. நாலு மோட்டாரும் தேன் மாதிரி ஓடின. திரையில் மஞ்சளாக ஏதோ இங்கிலீசு எழுத்து வந்தது. பாலுசாமி வாலிப வயசில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் படித்தவர். பஸ்ஸில் போர்டு படிப்பார், பேப்பரில் பெரிய எழுத்துப் படிப்பார். இங்கிலீசு அவருக்குக் கோலம். அது எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும் என்று விட்டுவிட்டார். படம் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிந்ததே, அப்புறமென்ன?

இறக்கியிருக்கலாம். தென்னைக்கு மேலே ஏறியதும் திரையில் ரோடு தெரிந்தது. ரோட்டில் பொள்ளாச்சியிலிருந்து வருகிற டவுன் பஸ் தெரிந்தது.

அந்த பஸ்ஸில்தான் அவள் வருவாள்.

பாலுசாமிக்கு வேறொன்றும் நினைவில்லை. மகள் இறங்குவதை அவளுடைய ட்ரோனின் கண்ணாலேயே பார்க்கலாம் என்ற நினைப்புத்தான். மரக்கட்டை விரலால் முன்னுக்குத் தள்ளினார். செவப்புப் பட்டனை அமுக்கினால் படம் எடுத்துக்கொள்ளும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து அதையும் அமுக்கினார். தோப்பு கீழே ஓடியது. பஸ் நின்றது. யாரோ ஒரு கிழவர் இறங்கினார், அப்புறம் ஒரு பை இறங்கியது, அப்புறம் பச்சைச் சுடிதாரில் பிரவீனா இறங்கினாள். பஸ் போன பிறகு சத்தம் கேட்டு அண்ணாந்தாள். இன்னும் கொஞ்சம் முகம் தெரியட்டும் என்று பாலுசாமி கீழே இறக்கினார். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது, வாய் நிறையச் சிரித்துக் கையை ஆட்டினாள்.

"கண்ணூ!" என்று பாலுசாமி இங்கே களத்தில் நின்றுகொண்டு கத்தினார்.

அப்போது பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று தள்ளியது. படம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. ரிமோட்டு கீச்சுக் கீச்சென்று கத்த, திரை முழுக்கச் செவப்பு எழுத்து. பாலுசாமி இந்தப் பக்கம் தள்ளினார், அது அந்தப் பக்கம் போனது. எவ்வளவு தள்ளுகிறோம் என்று விரல் சொல்லவில்லை.  பயமாக இருந்தால் அமுக்கச் சொன்ன பட்டன் நினைவுக்கு வந்தது. வீட்டுப் படம் போட்ட பட்டன். அழுத்தி அமுக்கினார்.

சொன்ன சொல்லுக்கு அது திரும்பியது. திரையில் பிரவீனா ஒதுங்கிப் போனாள், ரோடு போனது, களத்தைப் பார்த்து நேராக வந்தது. ஆனால் ஏரிக்காட்டில் மரமில்லை. இங்கே தோப்பு குறுக்கே நின்றது. அவள் முகம் பார்க்க இறக்கிய உயரம் தென்னை மட்டை உயரம். பாலுசாமி பதறவில்லை. குறுக்கே என்ன வந்தாலும் நின்றுகொள்ளும், அதற்குக் கண் இருக்கிறது. திரையில் மட்டைகள் பெரிசாகிக்கொண்டே வந்தன. இதோ நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

நிற்கவில்லை.

மட்டை கிழிபடுகிற சத்தம் களத்துக்குக் கேட்டது. திரையில் வானமும் ஓலையும் சுழன்றன. அப்புறம் மேலே இருந்து மட்டைக்கு மட்டை முட்டிக்கொண்டு விழுந்து, களத்தின் கல் விளிம்பில் மோதிப் பிளந்தது. பாலுசாமி ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடினார். ரிமோட்டும் கல்லில் விழுந்து திரை வெடித்து இருண்டுபோனது.

வேலிகளுக்கு நடுவே வருகிற இட்டேரி வழியாக ஓடி வந்த பிரவீனாவுக்கு மூச்சு வாங்கியது. பாலுசாமி துண்டை விரித்து, பொறுக்கியதை எல்லாம் அதில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். இரண்டு கால் முறிந்திருந்தது. வயிறு பிளந்து பச்சைத் தகடு வெளியே தெரிந்தது. படம் பிடிக்கிற கண் கழுத்தோடு அறுந்து, ஒரு நூல் வயரில் தொங்கியது.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கோபம் வரும் என்று பாலுசாமி காத்திருந்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூஞ்சிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரல் நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்து, உள்ளே கண்ணாடி மினுங்கியது.

"லைட்டுன்னு நெனச்சுட்டீங்களாப்பா?"

பாலுசாமி தலையாட்டினார். "கண்ணு அடியிலதானே கண்ணு… அதை நான் தொடவே இல்ல."

"அது படம் புடிக்கற கண்ணு. வழி பாக்கற கண்ணு இதுங்க."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. இரண்டாவது பொட்டையும் மெதுவாகச் சுரண்டி எடுத்தாள், இனிமேல் ஏதோ அது பார்க்கப்போகிற மாதிரி. துண்டின் முனையால் துடைத்தும் வைத்தாள்.

அப்புறம் எழுந்து தென்னை மரத்தடிக்குப் போய் போன் பேசினாள். இவருக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. "மேடம், பிரவீனாங்க… இல்லீங்க மேடம், ட்ரோன் ஒடஞ்சு போச்சுங்க… நாந்தானுங்க, ஓட்டறப்ப மரத்துல… இல்லீங்க, வேற இல்லீங்க… ஓ, நாளைக்கு இன்னொருத்தரும் வர்றாங்களா… பரவால்லீங்க மேடம். செரிங்க. செரிங்க."

நாந்தானுங்க என்று அவள் சொன்னது பாலுசாமியின் காதில் விழுந்தது. 

"புதுசு வாங்கித் தாரேன் கண்ணு. எங்கயாச்சும் பொரட்டி…"

"திங்கக்கெழமை நாளைக்குங்கப்பா" என்றாள், சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

வீட்டில் சின்னாத்தாள் பச்சைப்பயிறு கடைந்து, அப்பளம் பொரித்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்தது. "ஒரு பொம்மை ஒடஞ்சதுக்கு அப்பனும் மகளும் எழவு ஊடாட்டம் ஒக்காந்திருக்கறீங்க. ஒரு வருசத்துல கையில ஒரு குழந்தை வந்தா அதுதான் வெளையாட்டு. சாப்புடு சாமி."

சொல்லிக்கொண்டே எழுந்து, மகளுக்குக் கட்டிய முறுக்குப் பொட்டணத்தைப் பையில் வைக்கப் போனாள். பையைத் திறந்தாள். சாயங்காலமே திரும்பிப் போகிறவளின் பையில், அவளுக்கு இருக்கிற துணி அத்தனையும் இருந்தது. சீப்பு, பல்பொடி, தலையணை உறை, எல்லாவற்றுக்கும் அடியில் பாலிடெக்னிக் சர்டிபிகேட் உறை. சின்னாத்தாள் மகளைப் பார்த்தாள். அப்புறம் புருசனைப் பார்த்தாள். முறுக்கைத் துணி மேல் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். அடுப்படிக்குப் போய், அணைத்த அடுப்பில் ஆறிப்போயிருந்த எண்ணெய்க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கயே இரு கண்ணு" என்றார் பாலுசாமி. குரல் அவருக்கே வேறு ஆள் குரலாகக் கேட்டது. "போக வேண்டாம். யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

பிரவீனா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலைல அங்கிருந்து அவிய அப்பா, மாமன்னு நாலு பேரு வருவாங்க. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, பழம் வாங்கிக்கிட்டு, மரியாதையாத்தான் வருவாங்க. வாங்க வாங்கன்னு நீங்கதான் மொதல்ல எந்திரிப்பீங்க. பாய் விரிப்பீங்க. அப்புறம் அவங்க பேசுவாங்க. கடைசியில நீங்க என்னையப் பாப்பீங்க. அந்தப் பார்வைய நான் ஆடியிலயே பாத்துட்டனுங்கப்பா."

"இல்ல சாமி, இந்த வாட்டி…"

"ஆடியில இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன். இன்னைக்கு உங்களால சொல்ல முடியுதுன்னா, மனசு ஒடஞ்சு போய்ச் சொல்றீங்க. நாளைக்கு நாலு பேரு முன்னாடி அது நிக்காதுங்கப்பா." அவர் முழங்கால் மேல் கையை வைத்தாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. பேட்டரிக்குச் சார்ஜ் போட்டீங்கல்ல."

அது பொய்யில்லை, அவளுக்குக் கோபமில்லை. பாலுசாமிக்கு அதுதான் தாங்கவில்லை. எழுந்து, "நிக்கும், நான் நிப்பேன்" என்று சத்தியம் பண்ண வேண்டும் போல இருந்தது. வெள்ளை வேட்டிகள் வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தார். அட்டாலியில் பாய் எங்கே சுருட்டி வைத்திருக்கிறது என்று அவர் மனசு தானாகத் தேடியது. தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ்ஸுக்குப் போகுமுன் பிரவீனா துண்டை அவிழ்த்து, பிளந்த வயிற்றின் ஓரத்திலிருந்து நகத்தளவு கறுப்பு அட்டை ஒன்றை நெம்பி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எடுத்த படமெல்லாம் இதுல இருக்கும். நீங்களே வெச்சுக்குங்க. அங்க கொண்டு போனா அத்தை என்னன்னு கேப்பாங்க."

ரோட்டோரத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். பையை அவர்தான் தூக்கி வந்திருந்தார். மூட்டை தூக்கிப் பழகிய தோளிலிருந்து அந்தப் பை இறங்கவே மாட்டேன் என்றது. பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "அம்மாகிட்டக் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. வாரேனுங்கப்பா" என்றாள். கண்டக்டர் விசிலை வாயில் வைக்கும்போது பாலுசாமி, "ஏனுங்க, சித்தெ இருங்க" என்றார். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஏறறீங்களா பெரியவரே?" பிரவீனாவும் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்தது. பாலுசாமி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். "இல்லீங்க… போங்க" என்றார்.

விசில் அடித்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பாலுசாமி வழக்கம்போல் களத்துக்குப் போய்க் காய் உரித்தார். மத்தியானம் அஃப்தாப் லாரி ஏற்ற வந்தான். லைட்டுச் சந்தனத்தைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தான். பாலுசாமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, பேப்பரில் மடித்த கறுப்பு அட்டையை நீட்டினார்.

"உன்ற போன்ல இது ஓடுமா?"

"எதுங்ணா, மெமரி கார்டா? பாக்கலாம் கொடுங்க."

டிரைவர் சீட்டுப் படியில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தோப்பு ஓடியது. ரோடு வந்தது. பஸ் நின்றது. கிழவர் இறங்கினார், பை இறங்கியது, பச்சைச் சுடிதார் இறங்கியது. அண்ணாந்தாள். கண்ணுக்கு மேல் கை வைத்தாள். சிரித்தாள்.

"அட, நம்ம பிரவீனா! என்னமாச் சிரிக்குது பாருங்ணா" என்றான் அஃப்தாப். படம் சாய்ந்தது, ஆடியது, மெதுவாக அவளை விட்டுத் திரும்பித் தோப்பைப் பார்த்து ஓட ஆரம்பித்தது.

"இன்னொருக்காப் போடு."

போட்டான். மறுபடியும் போட்டான். ஏற்றுகிற ஆட்கள் லாரிக்குப் பின்னாலிருந்து, "ஏனப்பா டிரைவரு, வண்டிய எடுக்கறதா இல்லியா?" என்று கத்தினார்கள். அஃப்தாப் பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர்களுக்குக் கையை மட்டும் காட்டினான்.

நாலாவது தடவை அவள் சிரிக்கும்போது பாலுசாமி அந்தக் கட்டைவிரலை நீட்டினார். தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து பாதியிலேயே மடக்கிக்கொண்டார்.

"நீயே நிறுத்து அஃப்தாப்பு. திரும்பறதுக்கு முந்தி நிறுத்திரு."